வீட்டுக் குழு தொடங்குவதும் நடத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிடுவார். "போதகர் எங்க ஏரியாவுல ஒரு குழு ஆரம்பிக்கச் சொல்லிட்டார் அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது, என்ன செய்யணும்?" அடுத்த மாதம் இன்னொருவர் அதையே கேட்பார். வாசலில் நின்று துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது. நான் இறையியல் படித்தவன் இல்லை, பல வருடமாகக் குழு நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவன். உங்கள் சபையின் ஒழுங்கு இதற்கு மாறாக இருந்தால் சபை சொல்வதையே கேளுங்கள்.

வீட்டுக் குழு என்றால் என்ன? வீட்டு ஜெபக்கூட்டம்தானே?

பெயர் பல. செல் குழு, கேர் செல், காட்டேஜ் பிரேயர், ஐக்கியக் குழு என்று சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கர்கள் அன்பியம் என்கிறார்கள், எனக்குப் பிடித்த பெயர் அதுதான்.

ஜெபக்கூட்டம் வேறு. அங்கே ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், கடைசியில் எல்லாரும் ஜெபிப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் வந்து ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டுக் குழுவில் அது முடியாது, முடியவும் கூடாது. 200 பேர் உட்காரும் ஆராதனையில் ஒருவர் நாலு வாரம் வராவிட்டாலும் தெரியாமல் போகலாம். எட்டு நாற்காலி போட்ட அறையில் ஒன்று காலியாக இருந்தால் கண்ணை உறுத்தும். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, "அவங்க ஏன் வரல?" என்று கேட்பதுதான் லீடரின் முதல் வேலை. பாட்டு, பாடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இது சமீபத்தில் வந்த பாணி இல்லையா?

கட்டடம்தான் பிறகு வந்தது. அப்போஸ்தலர் 2:46 முதல் விசுவாசிகள் வீடுகள்தோறும் அப்பம் பிட்டதைச் சொல்கிறது. ரோமர் 16:5-இல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடும் சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். பிலேமோனுக்கு எழுதிய கடிதமும் அவர் வீட்டில் கூடிய சபையைச் சேர்த்துத்தான் வாழ்த்துகிறது. சிரியாவில் ஐப்பிராத்து (யூப்ரடீஸ்) நதிக்கரையில் துரா யுரோப்பஸ் என்ற பழைய ஊரை 1930-களில் தோண்டியபோது, 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வீட்டுச் சபை கிடைத்தது. சாதாரண வீடு. நடுச்சுவரை எடுத்து இரண்டு அறையை ஒன்றாக்கிக் கூடும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். இன்னொரு அறை ஞானஸ்நானத்துக்கு. அதன் சுவரில் இயேசு திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கிப்போனவனை, குணமாக்கும் படம் வரைந்திருந்தது. அந்தக் கதை கீழே மறுபடி வரும்.

பிற்காலத்தில் 1670-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் ஸ்பேனர் என்ற போதகர் தன் வீட்டில் சிறு கூட்டம் கூட்டினார். அவர் தொடங்கிவைத்த பக்தி இயக்கத்தின் வழியில் ஹாலே நகரில் படித்தவர்தான் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை. 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அவர்கள் கட்டிய கூடத்துக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்றார் ஒருவர், கப்பல் தலைவராக இருந்தவர். எல்லாராலும் முடியாதே என்று கேள்வி வந்தது. "ரொம்ப ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நானே கொடுத்துவிடுகிறேன்" என்ற பொருளில் அவர் சொல்ல, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் திரும்பி வரும்போது காசோடு செய்தியும் கொண்டுவந்தார்கள். இந்த வீட்டில் சண்டை, அந்த வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் வியாதி. இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான் என்று வெஸ்லிக்குப் புரிந்தது. அப்புறம் வீடு வீடாகப் போவது சிரமமாக இருந்ததால் பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூட ஆரம்பித்தார்கள். கடன் வசூலில் பிறந்த முறை மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாகிவிட்டது.

போதகரிடம் கேட்காமல் நாங்களே தொடங்கலாமா?

வேண்டாம். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மறைவில் தொடங்கிய குழு ஒரு வருடத்துக்குள் "அவங்க கூட்டம்" ஆகிவிடும். போதகரிடம் போய் யார் யார், எந்த நாள், என்ன படிக்கப் போகிறோம் என்று மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் காரணம் கேளுங்கள். முன்னால் ஒரு குழுவே சபையைப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அந்தப் பயத்துக்குக் கோபப்படாதீர்கள். மாதம் ஒருமுறை அவரிடம் போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி, சொன்னபடி போங்கள்.

வீட்டில் வழிபாட்டுக்காகக் கூடுவதற்குச் சில இடங்களில் சட்டப்படி அனுமதியோ வேறு விதியோ இருக்கும். அதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

எத்தனை பேர் இருக்கலாம்?

ஆறிலிருந்து பன்னிரண்டு. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு பேர் இருந்தால் இருவர் இருவராகப் பார்க்கும்போது 15 உறவுகள். பன்னிரண்டு பேர் என்றால் 66. இருபது பேர் என்றால் 190. இத்தனை உறவை ஒன்றரை மணி நேரக் கூட்டம் தாங்காது. பன்னிரண்டைத் தாண்டும்போது வாயாடிகள் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ கொடுத்த யோசனையில் கடைசிப் படி பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்பதாக இருந்ததும் (யாத்திராகமம் 18) சும்மா இல்லை.

மூன்று பேர்தான் என்றாலும் தொடங்குங்கள். ஆள் சேரட்டும் என்று காத்திருந்த குழு எதுவும் தொடங்கியதை நான் பார்த்ததில்லை.

முதலில் யாரைக் கூப்பிடுவது?

சபையில் அறிவிப்புக் கொடுத்தால் ஏற்கெனவே எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறவர்கள்தான் இதற்கும் வருவார்கள். நேரில் போய்க் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது, "ஆறு வாரம் மட்டும் வந்து பாருங்க, பிடிக்கலைன்னா விட்டுடலாம்" என்று சொல்லிவிடுங்கள். முடிவு நாள் தெரிந்தால் ஜனங்கள் தைரியமாக வருவார்கள். காலவரை இல்லாமல் கூப்பிட்டால், "ஜெபம் பண்ணிச் சொல்றேன்" என்ற பதில் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே வயசு, ஒரே வேலை, ஒரே வசதி உள்ளவர்களை மட்டும் சேர்ப்பது எளிது. ஆனால் கலவையான குழுவில்தான் பேச்சு நன்றாக வரும். திருமணமாகாதவர், துணையை இழந்தவர், வயதான ஐயா, படிக்கிற பிள்ளை என்று ஒவ்வொருவராவது இருக்கட்டும். தம்பதிகள் மட்டுமே கூடினால் தனியாக இருப்பவர்கள் தங்களுக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள்.

யார் வீட்டில் கூடுவது?

நடத்துபவர் வீட்டில் வேண்டாம், முடிந்தவரை. வீடு கொடுப்பவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர் என்றால் பாரம் பகிரப்படும். ஒரே வீட்டில் கூடுவது வழி தெரிவதற்கு வசதி. மாறி மாறிக் கூடுவது பாரத்தைக் குறைக்கும். ஆனால் வீடு சின்னது, வீட்டில் நோயாளி, விசுவாசத்தில் இல்லாத கணவர் என்று பலருக்குப் பல காரணம் இருக்கும். "எல்லார் வீட்டுக்கும் முறை வரும்" என்று சட்டம் போட்டால் சிலர் தங்கள் முறை வரும் வாரத்துக்கு முன்பே நின்றுவிடுவார்கள். விருப்பப்பட்டவர்கள் பெயர் கொடுக்கட்டும்.

அயலான் சலித்துப்போகும் அளவுக்கு அடிக்கடி அவன் வீட்டில் கால்வைக்காதே என்று நீதிமொழிகள் 25:17 சொல்கிறது. வாரா வாரம் எட்டு பேர் வந்துபோகும் வீட்டுக்காரரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "இன்னும் சரியா இருக்கா, மாத்திக்கலாமா?" என்று தனியாகக் கேளுங்கள். அவர்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

சாப்பிடக் கொடுப்பது ஒரு கண்ணி. முதல் வீட்டில் குடிக்க ஏதாவது கொடுப்பார்கள், இரண்டாவது வீட்டில் பலகாரம் வரும், நாலாவது வீட்டில் விருந்தே நடக்கும். ஐந்தாவது வீட்டுக்காரர் வசதி இல்லாதவர் என்றால் அவர் குழுவுக்கே வர மாட்டார். முதல் நாளே, "குடிக்க மட்டும், அதற்கு மேல் யாரும் செய்யக் கூடாது" என்று பேசி முடித்துவிடுங்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வரிசையாகப் போட்டால் பிரசங்கம் எதிர்பார்ப்பார்கள். டிவியை அணைத்துவிடுங்கள், சத்தத்தைக் குறைத்தால் போதாது.

எவ்வளவு நேரம்?

ஒன்றரை மணி நேரம். வந்து உட்கார்ந்து நலம் விசாரிக்க 15 நிமிடம், ஒரு பாட்டு, வேதபாடம் 35 அல்லது 40 நிமிடம், மீதி ஜெபத்துக்கு. ஜெபத்துக்கு ஏன் இவ்வளவு என்றால், பத்துப் பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் தங்கள் காரியத்தைச் சொன்னாலே அரை மணி போய்விடும். பெரும்பாலான குழுக்களில் பாடம் நீண்டு, ஜெபம் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாக முடிகிறது.

சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். பேச விரும்புகிறவர்கள் அப்புறம் இருந்து பேசட்டும், போக வேண்டியவர்கள் குற்ற உணர்வு இல்லாமல் எழுந்து போகட்டும். பவுல் நடுராத்திரிவரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் அவனை உயிரோடு எழுப்பினார். நமக்கு அந்த வரம் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு நேரத்தை நீட்டுங்கள்.

எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. நான் எப்படி நடத்துவது?

நல்லதாகப் போயிற்று. பிரசங்கம் பண்ணத் தெரிந்தவர்களால்தான் குழு நடத்துவது கஷ்டம், கை சும்மா இருக்காது. லீடருக்குத் தேவை நாலைந்து நல்ல கேள்விகளும், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பொறுமையும்தான்.

மாற்கு 2:1-12 எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிற பகுதி. "இயேசு யாரைக் குணமாக்கினார்?" என்று கேட்டால், "திமிர்வாதக்காரனை" என்று ஒருவர் சொல்லுவார், அத்தோடு முடிந்தது. அது ஞாயிறு பள்ளிக் கேள்வி. அதற்குப் பதிலாக முதலில் கண்ணால் பார்க்க வைக்கிற கேள்வி கேளுங்கள். "அந்த வீட்டில் இருந்திருந்தால் என்னென்ன சத்தம் கேட்டிருக்கும்?" சிரிப்பு வரும், மண் விழுவதைப் பற்றி யாராவது சொல்வார்கள், கூரை போன வீட்டுக்காரரை நினைத்து ஒருவர் பரிதாபப்படுவார். அப்புறம் வாசகத்துக்குள் கொண்டுவாருங்கள். "5-ஆம் வசனத்தில் இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார் என்று போட்டிருக்கிறது?" எல்லாரும் வேதத்தை மறுபடி பார்ப்பார்கள். 'அவர்கள் விசுவாசத்தை' என்று இருக்கும். படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசியாக வாழ்க்கைக்கு வருகிற கேள்வி. "இந்தக் காட்சியில் இப்போது நீங்கள் யார்? சுமக்கிறவரா, சுமக்கப்படுகிறவரா, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவரா?"

எங்கள் குழுவில் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் அமைதி. படுக்கையில் விழுந்த மாமியாரை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இங்க நாலு பேர் இருந்தாங்க. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் தூக்குறேன்." அவர் அழவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அன்று நான் தயாரித்து வைத்திருந்த மீதி இரண்டு கேள்விகளையும் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேர் முறை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். வெளியே போய் வர அவருக்கு வாரம் இரண்டு மத்தியானம் கிடைத்தது.

கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லையே?

மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள், நிதானமாக. உங்களுக்கு அந்த அமைதி ஒரு யுகம்போல இருக்கும். அவர்கள் வசனத்தை இன்னும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். ஆறு எண்ணுவதற்குள் நீங்களே பதில் சொல்லிவிட்டால், பொறுத்திருந்தால் இவரே சொல்லிவிடுவார் என்று குழு கற்றுக்கொள்ளும். பத்து எண்ணியும் வரவில்லை என்றால் கேள்வி புரியவில்லை என்று அர்த்தம், வேறு வார்த்தையில் கேளுங்கள்.

கூச்சப்படுகிறவரை எல்லார் முன்னும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். முந்தின நாளே, "நாளைக்கு இந்தப் பகுதியை நீங்க வாசிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவராகவோ கண் மங்கியவராகவோ இருந்தால் அதுவும் சங்கடம். தெரிந்துகொண்டு கேளுங்கள்.

ஒருவரே எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார். அவர் எனக்கு மூத்தவர் வேறு.

எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. இல்லை என்றால் ஒருவேளை அது நீங்களாக இருக்கலாம். அவருக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கண் பார்த்தால்தான் பேச்சு நீளும். அவர் மூச்சு விடும் இடத்தில், "ஐயா சொன்னதைப் பற்றி இன்னும் பேசாத ஒருவர் என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் தனியாகப் போய்ப் பேசுங்கள். "ஐயா, சின்னவங்க பேசப் பயப்படுறாங்க, அவங்களைப் பேச வைக்க நீங்க எனக்கு உதவி செய்யணும்" என்று கேட்டுப் பாருங்கள். புகாராகச் சொல்லாமல் உதவியாகக் கேட்டால் மூத்தவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எதைப் படிப்பது?

புதிய குழுவுக்குச் சின்னப் புத்தகம். பிலிப்பியர் நாலு அதிகாரம், யோனா நாலு, ரூத் நாலு, யாக்கோபு ஐந்து. முடித்த திருப்தி கிடைக்கும். அதற்கு அப்புறம் மாற்கு, 16 அதிகாரம், சுவிசேஷங்களில் சிறியது. வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காதீர்கள், யார் எவ்வளவு கெஞ்சினாலும். ஞாயிறு பிரசங்கத்தையே எடுத்துப் பேசும் சபைகளும் உண்டு, அதுவும் நல்ல வழி. வேதாகம விளக்க உரையை வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள், கூட்டத்தில் விரிக்காதீர்கள்.

ஒருவர் சொன்ன ஜெபக் குறிப்பை சபையில் சொல்லி ஜெபிக்கலாமா?

இதில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி தன் வேலை போய்விட்டதைக் குழுவில் சொன்னார். வீட்டில் அப்பா அம்மாவுக்கு அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அன்று ராத்திரி சபையின் ஜெப வாட்ஸ்அப் குழுவில், "வேலையை இழந்த நம் வாலிபச் சகோதரன் ஒருவருக்காக ஜெபியுங்கள்" என்று போட்டேன். பெயர் போடவில்லை என்ற தைரியம். எங்கள் பகுதியில் எத்தனை வாலிபர் இருந்தார்கள்? மறுநாள் காலை அவர் அப்பாவுக்கு யாரோ போன் பண்ணி ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசல்படியில் நின்றபடியே, "பரவாயில்லை அண்ணே" என்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவர் திரும்பவும் குழுவுக்கு வரவே இல்லை.

ஆகவே, சொன்னவரின் அனுமதி இல்லாமல் விஷயம் போதகரிடம்கூடப் போகக் கூடாது. "இதை யார்கிட்டயெல்லாம் சொல்லலாம்?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்வம்பு போவது சபைகளில் பழைய வியாதி. அடுத்த வீட்டுக்காரரின் மகளைப் பற்றி ஒருவர், "ஜெபத்துக்காகச் சொல்றேன்" என்று தொடங்கும்போதே, "அவங்க சொல்லச் சொன்னாங்களா?" என்று மெதுவாகக் கேட்டால் போதும். புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான் என்பது நீதிமொழிகள் 11:13.

அப்படியானால் எதையுமே வெளியே சொல்லக் கூடாதா?

உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை, வீட்டில் அடி உதை, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பது ஆகியவற்றில் இரகசியக் காப்பு கிடையாது. இதை முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டால் பண்ணாதீர்கள். உயிரை விட நினைப்பவரைத் தனியாக விட்டுவிட்டு வீடு திரும்பாதீர்கள், மருத்துவ உதவி கிடைக்கும்வரை யாராவது கூட இருக்க வேண்டும். குழந்தையைப் பற்றியது என்றால் சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டுமோ அவர்களிடம் தெரிவியுங்கள். சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடிக்கும் கணவனோடு பொறுத்துப் போகச் சொல்லி ஜெபித்து அனுப்புவதும் உதவி ஆகாது.

மன அழுத்தம், குடிப்பழக்கம் போன்றவற்றுக்குக் குழு துணையாக நிற்கலாம், வைத்தியம் பார்க்க முடியாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த லீடருக்கும் இல்லை.

பிள்ளைகளை என்ன செய்வது?

முதல் அரை மணி எல்லாரோடும் உட்காரட்டும், பாட்டுப் பாடட்டும், ஜெபிக்கட்டும். சின்னப் பிள்ளைகளின் ஜெபம் பல நேரம் நம்முடையதைவிடத் தெளிவாக இருக்கும். அப்புறம் பக்கத்து அறை. அவர்களோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தவர்தானே என்று இந்த ஒழுங்கைத் தளர்த்தாதீர்கள். தவறு செய்கிறவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்.

பாட யாரும் இல்லை. கிட்டார், கீபோர்டும் இல்லை.

எல்லாருக்கும் தெரிந்த கீர்த்தனை ஒன்றைச் சும்மா பாடுங்கள். சுருதி போனால் போகட்டும். போனில் பாட்டைப் போட்டுக் கூடவே பாடினால் ஒருவர் குரல்கூட மற்றவருக்குக் கேட்காது.

ஞானஸ்நானம், அந்நியபாஷை என்று வாக்குவாதம் வந்தால்?

வரும். "இன்றைய பகுதி இதைப் பற்றிப் பேசுகிறதா?" என்று கேளுங்கள். பேசவில்லை என்றால், "போதகரிடம் கேட்டு வந்து சொல்கிறேன்" என்று குறித்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே கேட்டு வந்தும் சொல்லுங்கள். உங்கள் சபையின் போதனைக்கு விரோதமான கருத்து உங்களுக்கே இருந்தால், குழுவை அதற்கு மேடையாக்காதீர்கள். திருவிருந்தைக் குழுவில் நடத்தலாமா என்பதும் அப்படித்தான், சபையின் ஒழுங்கு எதுவோ அது.

காணிக்கை எடுக்கலாமா? பணக் கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவலாமா?

குழுவில் காணிக்கை வேண்டாம் என்பது என் கட்சி. உதவி செய்யுங்கள், ஆனால் வாங்குபவருக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாதபடி ஒருவர் வழியாகச் செய்யுங்கள். கடன் கொடுக்கல் வாங்கல் கூடவே கூடாது. கடன் பட்டவர் கடன் கொடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி ஜெபிப்பார்? இன்சூரன்ஸ், சங்கிலி வியாபாரம், வீட்டுமனை என்று குழுவைச் சந்தையாக்குகிறவர் வந்தால் முதல் தடவையே தடுத்துவிடுங்கள். இரண்டாவது தடவை தடுக்க உங்களுக்கு வாய் வராது.

பெண்கள் நடத்தலாமா?

உங்கள் சபையின் ஒழுங்கைப் பொறுத்தது. 1964-இல் சியோலில் யோங்கி சோ என்ற போதகர் வேலைப் பளுவில் மயங்கி விழுந்தபின், வீட்டுக் குழுக்களை நடத்தப் பெண்களைத்தான் பெரும்பாலும் நியமித்தார். ஆண்கள் தயங்கினார்கள். அந்தச் சபை உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆணோ பெண்ணோ, ஓர் ஒழுங்கு மட்டும் இருக்கட்டும்: எதிர்பாலருக்குத் தனியறையில் ஆலோசனை சொல்லப் போகாதீர்கள், இன்னொருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

விசுவாசத்தில் இல்லாதவர்கள் வரலாமா?

தாராளமாக. வந்தவரை உடனே சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள், சுற்றி நின்று கைவைத்து ஜெபிக்காதீர்கள். நமக்குள்ளே புழங்கும் வார்த்தைகள் அவருக்குப் புரியாது. 'பாரம்', 'அபிஷேகம்', 'கிருபை' என்று பேசும்போது நடுநடுவே விளக்குங்கள். சொல்லப்போனால் நமக்கும் அது நல்லது.

ஜூமில் நடத்தினால் போதாதா?

தூரத்தில் இருப்பவருக்கும், இரவு வேலை பார்ப்பவருக்கும், வீட்டை விட்டு வெளியே வர முடியாத தாய்க்கும் அது பெரிய உதவி. ஆறு ஏழு பேருக்கு மேல் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மைக்கை அணைத்துவிட்டு எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தால் அது ரேடியோ. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் நேரில் போய்ப் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

வருகை குறைந்துகொண்டே வருகிறது. என்ன செய்ய?

வராதவருக்கு, "ஏன் வரல?" என்று குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். போன் பண்ணுங்கள், கூட்டத்தைப் பற்றிப் பேசாமல் அவரைப் பற்றிப் பேசுங்கள். பாதிப் பேருக்கு வேலை நேரம் மாறியிருக்கும், சிலருக்குக் குழுவில் யாரோடோ மனஸ்தாபம் இருக்கும். மனஸ்தாபம் என்றால் இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் முன் தனித்தனியாகக் கேளுங்கள்.

குழு பெரிதாகிவிட்டது. பிரிப்பது என்றாலே அழுகிறார்கள்.

அழட்டும், பாசம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் திடீரென்று பிரிக்காதீர்கள். தொடங்கும்போதே உதவி லீடர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அவர் பார்க்கட்டும், இரண்டாம் மாதம் ஜெப நேரத்தை நடத்தட்டும், அப்புறம் பாடத்தை எடுக்கட்டும், நீங்கள் வேண்டுமென்றே ஒரு வாரம் வராமல் இருங்கள். ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இரண்டு மாதம் கூடுங்கள், தொடக்கமும் முடிவும் சேர்ந்தே இருக்கட்டும். அதற்கு அப்புறம் வேறு வீட்டுக்குப் போவது அவ்வளவு வலிக்காது. யார் எந்தக் குழு என்பதை நீங்கள் பிரிக்காமல் அவர்களே சொல்லட்டும்.

குழுவை மூடிவிடலாமா என்று தோன்றுகிறது. அது தோல்வியா?

இல்லை. லீடர் களைத்துப்போயிருந்தால் இரண்டு மாதம் நிறுத்திவையுங்கள், பள்ளிக்கு விடுமுறை இல்லையா? குழுவே முடிந்துவிட்டது என்று பட்டால், தானாகத் தேய்ந்து போகும்வரை விடாமல், தேதி சொல்லி முடியுங்கள். கடைசிக் கூட்டத்தில் பாடம் வேண்டாம். இத்தனை நாளில் எழுதிவைத்த ஜெபக் குறிப்பு நோட்டை எடுத்து, ஒவ்வொருவருக்கும் என்ன கேட்டோம், என்ன ஆயிற்று என்று வாசியுங்கள். நாங்கள் ஒரு குழுவை அப்படித்தான் முடித்தோம். நோட்டில் பதினெட்டுப் பக்கம் இருந்தது. சிலவற்றுக்கு எதிரே டிக், பலவற்றுக்கு எதிரே ஒன்றும் இல்லை. மாமியாரை இழந்திருந்த அந்த அக்கா நோட்டை வாங்கிக்கொண்டு போனார், இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.